ரத்தாகாத உரிமம்

ஜான் லாட் எழுதிய 'மோர் கன்ஸ், லெஸ் க்ரைம்' 1998இல் வந்தது, சிகாகோ பல்கலைக்கழக அச்சக வெளியீடு. 2010இல் மூன்றாம் பதிப்பும் வந்துவிட்டது. துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்பதுதான் புத்தகத்தின் வாதம். அதற்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தூண்களில் ஒன்று: துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் வாங்கியவர்கள் ஏறக்குறைய குற்றமே செய்வதில்லை, அவர்களுடைய உரிமங்கள் ரத்தாவது வெகு அபூர்வம். லாட் 2013இல் தொடங்கிய ஆய்வு மையமும் ஆண்டுதோறும் இதையே அறிக்கையாகச் சொல்லிவருகிறது. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் உரிமதாரர்கள் போலீஸ்காரர்களை விடவும் ஒழுங்கானவர்களாம்.

இந்த எண்கள் பொய் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை உரிமதாரர்கள் மீதான தண்டனைக் கணக்கை வருடாவருடம் வெளியிடுகிறது. ஃப்ளோரிடா 1987 அக்டோபரிலிருந்து கொடுத்த உரிமங்களையும் ரத்தானவற்றையும் கூட்டிக்கொண்டே வருகிறது. எப்படி வகுத்தாலும் ரத்து விகிதம் மிகச் சிறியதுதான். எனவே, கணக்கு சரியா என்று நான் கேட்கப்போவதில்லை. இந்த வாக்கியம் யாரைப் பற்றிப் பேசுகிறது, யாரைப் பேசாமல் விடுகிறது என்பதுதான் என் கேள்வி.

டெக்சாஸில் உரிமம் வாங்க குறிப்பிட்ட வயது ஆகியிருக்க வேண்டும், பெருங்குற்றத் தண்டனை இருக்கக்கூடாது, கைரேகை கொடுக்கவேண்டும், வகுப்புக்குப் போய்ச் சுட்டுக்காட்ட வேண்டும், கட்டணமும் கட்டவேண்டும். இத்தனை சல்லடைகளில் சலித்து எடுத்த ஆட்களிடம் குற்றம் குறைவாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? அது சல்லடையின் வெற்றி. சல்லடையில் தங்கியதைக் காட்டி 'ஊர் அரிசியில் கல்லே இல்லை' என்று சொன்னால், வீட்டில் அரிசி புடைத்த யாரும் சிரிப்பார்கள்.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். உரிமதாரர்கள் நல்லவர்கள் என்ற இந்த வாதத்தின் மேல் ஏறி நின்றுதான் அடுத்த கோரிக்கை வந்தது: உரிமமே வேண்டாம். 2021 செப்டம்பரில் டெக்சாஸ், 2023 ஜூலையில் ஃப்ளோரிடா என்று 2024க்குள் 29 மாநிலங்கள் உரிமமின்றித் துப்பாக்கி எடுத்துச்செல்ல அனுமதித்துவிட்டன. மென்பொருள் வேலையில் இதற்கு ஒரு கதை உண்டு. 'டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே, எதுக்கு இன்னும் டெஸ்ட் ஓட்டிக்கிட்டு இருக்கோம்? எடுத்துடலாம்.' கேட்க நியாயமாகவே இருக்கும். எடுத்த பிறகு எதுவும் ஃபெயில் ஆகாது, ஏனென்றால் ஃபெயில் என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. உரிமம் இல்லாத இடத்தில் ரத்து விகிதம் நிரந்தரமாகப் பூஜ்யம்தானே.

இன்னொரு தாவலும் உண்டு. உரிமதாரர் குற்றம் செய்யவில்லை என்பது ஒரு செய்தி, சட்டத்தால் ஊரில் குற்றம் குறைந்தது என்பது வேறு செய்தி. 2004இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு இந்தச் சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ முடிவுகட்ட ஆதாரம் போதாது என்றது. 2019இல் ஜான் டோனஹியூவும் சகாக்களும் செய்த ஆய்வில், சட்டம் வந்து பத்தாண்டில் வன்குற்றம் சுமார் 13 முதல் 15 சதவீதம் கூடியிருந்தது. உரிமதாரர் ஒழுங்கானவராக இருந்தும் அது எப்படி நடக்கும்? அவர் காரில் வைத்த துப்பாக்கி திருடுபோனால், அதை வைத்து யாரோ யாரையோ சுட்டால், அந்தக் குற்றம் திருடன் கணக்கில்தான் ஏறும். உரிமம் பத்திரமாக இருக்கும், ரத்தாகாது.

இப்போது நம் பக்கம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகக் கிழக்கே போனால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், இடையிடையே கரிமூட்டம், மழையை நம்பிய மானாவாரிக் காடு. இங்கே வேலிமுள் வெட்டுவதற்கும் கை அருவாதான், பகை தீர்ப்பதற்கும் அருவாதான். 1959ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதை வரையறுக்கும்போது, வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உருவான பொருட்களை விலக்கிவிடுகிறது. வாளுக்கு ஒரு சட்டம், கருதறுக்கும் இரும்புக்கு வேறொன்று. கொல்லுப்பட்டறையில் உலையிலிருந்து வெளிவரும்போது இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே என்று அந்த வாக்கியம் சொல்லாது. அது வெட்டும் கையைப் பொறுத்தது.

உள்துறை அமைச்சகக் கணக்கின்படி 2016 இறுதியில் நாடு முழுவதும் துப்பாக்கி உரிமங்கள் சுமார் 33.7 லட்சம். உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம்தான். துப்பாக்கியால் நடக்கும் கொலைகளில் பெரும்பான்மை உரிமம் இல்லாத துப்பாக்கியால் என்றுதான் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் காட்டுகிறது. தேர்தல் வந்தால் உரிமதாரர்கள் ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். ஆக, லாட்டின் வாக்கியத்தை இங்கேயும் அப்படியே எழுதலாம், அதுவும் உண்மையாகவே இருக்கும். ஆனால் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பற்றியோ, அதையொட்டி முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்ததைப் பற்றியோ அந்த வாக்கியத்துக்குச் சொல்ல ஒரு சொல் கிடையாது.

இந்த மண்ணுக்கு உரிமத்தோடு இன்னொரு பழைய உறவும் இருக்கிறது. 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஆப்பநாட்டுக் கொண்டயங்கோட்டை மறவர்கள் அதில் அகப்பட்டார்கள். ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்பார்கள். கைரேகை பதியவேண்டும், ராத்திரி ஆஜராகவேண்டும், ஊர் தாண்ட சீட்டு வேண்டும். ஒரு ராத்திரி ஆஜராகாமல் போனால் அதுவே குற்றம். அந்தக் குற்றம் பதிவேட்டில் ஏறும், பதிவேடு நீளும், நீண்ட பதிவேட்டைக் காட்டி 'பாரு, இவங்க பரம்பரையே இப்படித்தான்' என்று சொல்லலாம். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். டெக்சாஸ்காரரும் கைரேகை வைத்துத்தான் சீட்டு வாங்குகிறார். அவருக்கு அது நல்லவர் என்ற சான்று, ஆப்பநாட்டுக்காரருக்கோ கெட்டவர் என்ற முத்திரை. முன்னதில் நல்லவர்களைச் சலித்தெடுத்து எண்ணினார்கள், குற்றம் குறைந்து தெரிந்தது. பின்னதில் மொத்தச் சாதியையும் ராத்திரி ராத்திரி எண்ணினார்கள், குற்றம் கூடித் தெரிந்தது. எண்ணுகிற விதத்தைத்தான் இரண்டு எண்களும் முதலில் சொல்கின்றன, மனிதனைப் பற்றி அதற்கப்புறம்தான்.

இந்த இடத்தில் லாட்டின் புத்தகத்துக்குள் வராத ஒரு ரத்து நம் சட்டத்தில் இருக்கிறது. பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் 3ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடும் என்று கருதப்படும் பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கச் சொல்கிறது. அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது நீளும். தேவையானால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கவும் அதே விதி சொல்கிறது. இதற்கு உரிமதாரர் குற்றம் செய்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஏன் அப்படி ஒரு விதி? ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுச் சுவரில் உரிமம் பெற்ற இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்குகிறது. முப்பது வருஷமாக அது சுடவேயில்லை. புதுப்பித்தல் ஒழுங்காக நடக்கிறது, தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனுக்குப் போய் வருகிறது. ஆனால் கூலி கேட்கவோ பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவோ கிளம்பும் காலனித் தெருக்காரருக்கு அந்தச் சுவர் ஞாபகம் வரும். அவர் கேட்காமலே திரும்பினால் எந்தப் பதிவேட்டிலும் எதுவும் ஏறாது. குற்ற விகிதம் பூஜ்யம், ரத்து விகிதம் பூஜ்யம். துப்பாக்கி மட்டும் தினமும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. 3ஆம் விதியை எழுதியவர்களுக்கு இந்தப் பூஜ்யத்தின் அர்த்தம் தெரிந்திருக்கிறது.

ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. ஆளைப் பார்க்காமல் சாதியைப் பார்த்து ரத்து செய்தால், அது ரேகைச் சட்டத்தின் தம்பிதானே? அன்று ரேகை வைத்தவர்களின் பேரன்கள் இன்று இந்த விதியில் 'அல்லாதவர்' பக்கம் நிற்கிறார்கள் என்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எனக்கு இது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியாகத் தெரியவில்லை. ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. ரேகைச் சட்டம் மனிதனின் ராத்திரியை எடுத்துக்கொண்டது, அவன் நடமாட்டத்தைக் கட்டிப்போட்டது. இந்த விதி அரசு தானே கொடுத்த ஒரு சலுகையைத் திரும்பக் கேட்கிறது. துப்பாக்கி இல்லாமலும் ஒருவர் முழு மனிதராகத் திருச்சுழி சந்தைக்குப் போய்வரலாம். ரேகைச் சீட்டு இல்லாமல் அவருடைய தாத்தாவால் முடியவில்லை.

லாட்டின் புத்தகத்தை நான் குப்பை என்று சொல்லமாட்டேன். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்ற சோம்பேறித்தனமான நம்பிக்கையை அது உடைத்தது, உடைக்கவேண்டியதுதான். ஆனால் உரிமதாரரின் நடத்தையை மட்டும் அளந்துவிட்டு ஆயுதத்தை அளந்ததாக அது நினைத்துக்கொள்கிறது. நம் கரிசல்காட்டில் அளக்கவேண்டியது இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவரிடம் இருக்கிறது. அவரைப் போய்க் கேட்காத எந்த அறிக்கையையும், அதன் எண்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பாதி அறிக்கையாகத்தான் என்னால் வாசிக்க முடிகிறது.