கார் போகிறது, பெயர் நிற்கிறது

பழைய கார் கைமாறும் விதம் சென்னையிலும் கொழும்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விலை படிகிறது, பணமும் சாவியும் கைமாறுகின்றன. பெயர் மாற்றம் மட்டும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போகிறது. தமிழ்நாட்டில் விற்பவர் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்துப் போடுகிறார். வாங்குபவரின் பெயரும் தேதியும் வரவேண்டிய கட்டங்களை வெறுமையாக விட்டு, ஆர்.சி. புக்கோடு சேர்த்துப் புரோக்கரிடம் கொடுத்துவிடுகிறார். இலங்கையில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயரே ‘ஓப்பன் பேப்பர்’. கையெழுத்திட்ட, பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6 படிவமும் அடையாள அட்டைப் பிரதியும் கூடவே போனால், அந்த வாகனம் எத்தனை கை வேண்டுமானாலும் மாறலாம். இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சட்டமும் அலுவலகமும் வேறாக இருந்தும் பழக்கம் ஒன்றாகவே இருக்கிறதென்றால், காரணத்தைச் சோம்பலுக்கு அப்பால் தேட வேண்டும். பெயரை மாற்றும் வேலை வாங்குபவர் கையில். மாற்றாவிட்டால் வரும் வினை விற்றவர் தலையில். மாற்றாமல் இருப்பதால் வாங்கியவருக்கு உடனடி நஷ்டம் ஏதுமில்லை, கட்டணம்கூட மிச்சம்.

இரு நாட்டுச் சட்டமும் இதை அறியாமல் எழுதப்பட்டதல்ல. இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 50ஆவது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளிலும், வெளிமாநிலத்துக்கு விற்றால் தடையின்மைச் சான்றோடு 45 நாளிலும் தெரிவிக்கும் கடமையை விற்றவருக்கு வைக்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். 1951ஆம் ஆண்டின் இலங்கை மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் வாகனம் கைமாறியதை 14 நாளுக்குள் அறிவிக்கச் சொல்கிறது, விற்றவருக்கென எம்.டி.ஏ. 8 என்று தனிப் படிவமே உண்டு. ஆக, வாங்கியவரை நம்பியிராமல் விற்றவர் தன் பக்கத்தைத் தானே முடித்துக்கொள்ள வழி இரண்டு இடத்திலும் இருக்கிறது. நடைமுறையில் நடப்பதைப் பாருங்கள். படிவம் 29 என்பது விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கவேண்டிய அறிவிப்பு. அதையே அவர் வாங்குபவர் கையில் கொடுத்து அனுப்புகிறார். தன்னைக் காக்கவேண்டிய தாள் எதிராளியின் டாஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

அந்தத் தாள் அங்கே கிடப்பதன் விலை என்ன என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் சொன்னது. விபத்துக்கு முன்பே கார் பல கை மாறியிருந்தது. ஆனாலும் பதிவேட்டில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்பது தீர்ப்பு. குற்ற விசாரணையிலும் கதை இதுதான். 2022 அக்டோபரில் கோவை உக்கடத்தில் கார் வெடித்தபோது, அது பலரிடம் மாறி வந்த பழைய கார் என்பதால் முந்தைய உரிமையாளர்களை வரிசையாகத் தேடிப்போக வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் வாதத்தில் நியாயம் இருக்கிறது: பிள்ளையைப் பறிகொடுத்தவர் ஐந்து பேரின் வாசலில் ஏறி இறங்கிக்கொண்டிருக்க முடியாது, அவருக்கு ஒரே முகவரி வேண்டும். ஆனால் அந்த முகவரி காப்பீட்டு நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தானே சட்டத்தின் 157ஆவது பிரிவு வாகனத்தோடு காப்பீடும் மாறியதாகவே கொள்கிறது? காப்பீடு காலாவதியானால்தான் பழைய உரிமையாளரின் வீடும் நிலமும் கேள்விக்குள்ளாகின்றன. விற்றபின் காப்பீட்டைப் புதுப்பிக்கும் அதிகாரமோ வாய்ப்போ இல்லாத ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குவது பாதிக்கப்பட்டவருக்கு வசதி. நீதி என்று சொல்ல மனம் வரவில்லை.

வியாபாரிகள் தரப்பு வேறு. பத்து நாளில் விற்கப்போகும் காரை ஒவ்வொரு முறையும் தங்கள் பெயருக்கு மாற்றினால் கட்டணம் இரட்டிப்பாகும், ‘ஓனர்’ எண்ணிக்கை ஏறி விலை விழும் என்கிறார்கள். கணக்கு சரிதான். இலங்கையில் அது இன்னும் கனமானது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடித் தேய்ந்த கார்கூட வாங்கிய விலைக்கு மேல் போனது. கார் வாங்கி விற்பது காணி வாங்கி விற்பதைப் போலானது. வியாபாரிகளின் இந்தச் சிக்கலுக்கு இந்தியா கண்டிருக்கும் வழி கவனிக்கத்தக்கது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் காரை ஒப்படைத்ததை உரிமையாளர் இணையவழியே தெரிவிக்கலாம்; அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை பொறுப்பு டீலருக்கு. வியாபாரமும் நிற்கவில்லை, விற்றவரும் தப்பினார். குறை என்னவென்றால், அங்கீகாரம் பெறாத புரோக்கருக்கும், தெருவில் நேரடியாக விற்றுக்கொள்ளும் இருவருக்கும் இந்த வசதி கிடையாது.

அவர்களுக்கும் இதே கதவைத் திறந்தால் என்ன? விபத்து ஏற்படுத்திவிட்டு ‘நேற்றே விற்றுவிட்டேன்’ என்று ஒருவர் தப்பப் பார்ப்பாரே என்பார்கள். தாளில் தேதியைத் திரிக்கலாம்; பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் பதிவாகும் நேரத்தைத் திரிக்க முடியாது. வாங்குபவரின் கைப்பேசிக்கு ஒரு ஓ.டி.பி. போய், அவர் ஒப்புக்கொண்ட நிமிடத்திலிருந்து பொறுப்பு அவருடையது என்று வைத்தால், ஆளில்லாத பெயருக்கு விற்றதாகக் காட்டவும் முடியாது. கட்டணமும் புதிய சான்றும் மெதுவாக வரட்டும். இலங்கையும் இதைச் செய்யலாம். வாகனத்தை வேறு மாகாணத்தவருக்கு விற்றால் இலக்கத் தகட்டையே மாற்றவேண்டியிருந்த காலம் அங்கே முடிந்துவிட்டது. அடுத்ததாக, எம்.டி.ஏ. 8 படிவத்தை நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தபாலில் அனுப்புவதற்குப் பதிலாக விற்ற இடத்திலிருந்தே பதிவுசெய்து, அங்கேயே ரசீதை வாங்கிக்கொள்ளும்படி செய்யவேண்டும்.