வளைவைக் காணாத கியர்

குற்றாலத்துக்குச் சாரல் பார்க்க வரும் கார்களில் கிளட்ச் மிதி இல்லாதவை ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. கூடவே ஒரு வாதமும் பெருகுகிறது: மனிதன் தவறுவான், கம்ப்யூட்டர் தவறாது, ஆகவே மலைச்சாலைக்கும் ஆட்டோமேட்டிக்தான் நல்லது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்துபோக ஆட்டோமேட்டிக்கைவிடச் சுகமில்லை. இடது கால் வலிப்பதில்லை, புதிதாக ஓட்டுபவர் பதறுவதில்லை. 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏஎம்டி, வழக்கமான மேனுவல் கியர்பெட்டியிலேயே கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவிகளைப் பொருத்தி, ஆட்டோமேட்டிக்கை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டவைத்தது. பெரிய நன்மைதான்.

ஆனால் செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறிப் பாருங்கள். கியர் மாற்ற முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு முதன்மையாகத் தெரிந்தவை ஆக்ஸிலேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பவைதான். மூன்றும் நடந்து முடிந்தவற்றின் கணக்கு. எதிரே வளைவு இருப்பதோ, அதில் சரக்கு லாரி திணறி ஏறுவதோ அதற்குத் தெரியாது. வளைவுக்காக ஓட்டுநர் காலை எடுத்தால், இழுவை தேவையில்லை என்று எண்ணி மேல் கியருக்குப் போய்விடும். வளைவுக்குள் மறுபடி மிதித்ததும் கீழ் கியரைத் தேடும். ஏஎம்டியில் ஒரே கிளட்ச். அது விலகிச் சேரும்வரை சக்கரத்துக்கு இழுவை போகாது. ஏற்றத்தின் நடுவில், இழுவை மிக வேண்டிய இடத்தில், வண்டி மூச்சுவிடும்.

இறக்கம் இன்னும் மோசம். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலைச்சாலை ஓட்டுநர்களின் பழைய பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியரைத் தானே மாற்றும் டி (டிரைவ்) முறையில் விட்டுவிட்டு இறங்கினால் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்காது, வேகம் மட்டும் கூடும். சரிவை உணர ஏற்பாடில்லாத பெட்டி இதைச் சமதளமாகவே கணக்கிட்டு மேல் கியருக்குத் தாவுகிறது. எஞ்சினின் பிடி தளர்ந்து, பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழுகிறது. மழை நனைத்த சாலையில், குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிய வண்டியில், பிரேக் சூடேறிப் பிடி குறைவதைவிட ஆபத்தான தவறு எது?

"எம் (மேனுவல்) முறை இருக்கிறதே, கியரை நீங்களே போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே முடிவெடுப்பது மறுபடி மனிதன்; அப்படியென்றால் கம்ப்யூட்டர் தவறாது என்ற பேச்சு என்னாயிற்று? அந்த முறையை எங்கே, எதற்குப் போடவேண்டும் என்று விற்கும்போது சொல்லிக்கொடுப்பவரும் அரிது. கிளட்ச் மிதியே அறியாமல் ஓட்டக் கற்றவருக்கு இரண்டாம் கியர் எப்போது வேண்டும் என்று எப்படித் தெரியும்?

தொழில்நுட்பத்தால் முடியாத காரியமுமல்ல இது. 2013இல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் ரெய்த், செயற்கைக்கோள் வரைபடத்தில் வளைவை முன்கூட்டியே பார்த்துக் கியரைத் தேர்ந்தது. சாதாரணக் காருக்கு அவ்வளவும் வேண்டாம். சரிவை அறியும் ஓர் உணரி, காலை எடுத்தாலும் கீழ் கியரை விடாத ஒரு கட்டளை, இவை போதும். அவை எல்லாக் கார்களிலும் வரும்வரை, காரைக் கையில் கொடுக்கும் நாளிலேயே வாங்குபவரை ஒரு மேட்டில் ஏற்றி, எம்-மில் போட்டு இறங்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.