கருக்கு

பாத்திரக் கடையில் பிரெட் வெட்டக் கத்தி கேட்டேன். "பல்லு வெச்சதா சார், சாதாவா?" என்றான் கடைப் பையன். அட்டையில் 'செரேட்டட்' என்று போட்டிருந்தது. பையன் தமிழே தேவலை. இருந்தாலும், இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாதா என்று மனசு அரித்தது.

நான் பி.காம். ஆசாமி. இலக்கியமெல்லாம் வேலைக்கு வந்த பிறகு தட்டுத் தடுமாறிப் படித்ததுதான். பொருநராற்றுப்படையில் வேம்புக்கு 'அரவாய்' என்று ஒரு அடைமொழி உண்டு. அரத்தின் வாய் மாதிரி விளிம்பு! ஒரு வேப்பிலையைப் பறித்துப் பாருங்கள், அசந்து போவீர்கள். என்ன, அந்தச் சொல் ஏட்டோடு நின்றுவிட்டது. ரம்பம் என்ற சொல்லையோ அறுவை ஆசாமிகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம்.

இன்றும் உயிரோடு இருக்கிற சொல், கருக்கு. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக முள்முள்ளாக இருக்குமே, அது. அரிவாளின் பல்லுக்கும் இதே பெயர்தான். புதுசு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. மடிப்புக் கலையாத புதுத் துணியைக் 'கருக்கழியாம இருக்கு' என்பார்கள்.

இந்தச் சொல்லை நகரத்து வாசகர்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் பாமா. அவருடைய 'கருக்கு' 1992-ல் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அது 2000-ல் வந்தபோதும் தலைப்பு 'கருக்கு'தான். அந்தச் சொல்லைத் தொடாமல் விட்டது நல்ல காரியம்.

எனக்கு ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. ஆங்கில அறிமுகத்தில் கருக்கைப் பனை ஓலை என்றும், இருபுறமும் கூரான வாள் போன்றது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதையே பலரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஓலை வேறு, மட்டை வேறு சாமி! ஓலையில் விசிறி செய்யலாம். கையைக் கிழிப்பது மட்டை. விறகு பொறுக்கப் போன சிறுமியின் தோலைக் கிழித்தது அதுதான் என்று பாமாவே முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஓலை என்று சொன்ன மாத்திரத்தில் அந்த விறகும் சிறுமியும் காணாமல் போய்விடுகிறார்கள்.

வாள் உவமையும் முழுசாகப் பொருந்தவில்லை. வாள் ஒரே வீச்சில் வெட்டும். கருக்கு அப்படியில்லை. போகும்போது லேசாக உரசும், இழுக்கும்போதுதான் சதையைப் பிடிக்கும்.

புத்தகமும் அப்படித்தான் வேலை செய்கிறது. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நமக்கும்தான். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கை பட்டால் தீட்டு என்று நினைக்கிற மேல்சாதிக்காரருக்கு வாங்கிப் போன பொட்டலம் அது என்கிறார். சற்றுமுன் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு திரும்பி வரும்போது கிழிக்கிறது.

பாமா இந்த இடத்தில் குரலை உயர்த்தவில்லை. பேச்சுத் தமிழில், திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு போகிறார். இதை 'கொச்சை நடை' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த நடையை இழைப்புளி போட்டு வழவழப்பாக்கியிருந்தால், பல்லெல்லாம் உதிர்ந்து வெறும் மட்டைதான் மிஞ்சியிருக்கும்.