வாப்பாவின் தறியும் வியாபாரியின் கணக்கும்

ஒலுவில் துறைமுகத்திலிருந்து கரையோரமாக வடக்கே செல்லும் யாத்திரிகன் நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை ஆகிய ஊர்களைக் கடந்து மேற்செல்வானாயின், கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் இலங்கை முழுவதும் பெயர்பெற்ற மருதமுனையை அடைவான். அங்கே நெசவு என்பது வாப்பாவின் பக்கத்தில் இருந்து பிள்ளை பழகிக்கொண்ட பரம்பரை வித்தை.

அந்தப் போதனா முறையின் மேன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. அறுந்த பாவிழையை விரல்நுனியால் தேடி எடுத்து முடிச்சிடுவதும், ஊடிழை சீராக நெருங்குவதற்கு அச்சை எத்துணை வலுவோடு இழுத்து அடிக்கவேண்டும் என்பதும், மாரிகாலத்து ஈரக்காற்றில் கஞ்சியிட்ட நூலின் சுபாவம் எவ்வாறு மாறும் என்பதும் வாய்ச்சொல்லால் விளங்க வைக்கக்கூடியன அல்ல. பிழையைத் துணியே காட்டிக்கொடுக்க, குருவானவர் அக்கணமே கையைப் பிடித்துத் திருத்துகிறார். சில மாதப் பயிற்சி வகுப்பால் சான்றிதழ் கிடைக்கும். கைக்கு இந்தப் பக்குவம் கிடைப்பது அரிது.

ஆனால் வாப்பா அறியாததை மகன் கற்க அம்முறையில் வழியில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த காலத்தில் உள்நாட்டுத் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டு, இயந்திரத் துணி மலிவாக வந்து குவிந்தபோது, கைத்தேர்ச்சி ஒன்றையே மூலதனமாகக் கொண்டிருந்தவன் திகைத்து நின்றதில் ஆச்சரியமில்லை. நூலும் சாயமும் வெளியூரிலிருந்து வருவன. அவற்றின் விலையையும் துணியின் விலையையும் நிர்ணயித்தவர் வேறு யாரோ. தறியைப் பழக்கிய பரம்பரை, அந்தக் கணக்கை மட்டும் வியாபாரியிடமே விட்டுவைத்தது.

இது மருதமுனைக்கு மாத்திரம் உரிய குறை அன்று. அமெரிக்காவின் நவஹோ இனத்தில் மகள் தாயிடமே நெசவைக் கற்கிறாள். முன்வரைந்த படம் ஏதுமின்றி, மனத்திலேயே கோலத்தை வகுத்துக்கொண்டு நெய்வது அவர்களுடைய வழக்கம். இத்தகைய சுதந்திரம் வாய்த்த கலையிலும், 1878இல் கனாடோ என்னும் இடத்தில் கடையொன்றை வாங்கிய ஹப்பெல் என்னும் வியாபாரி, தமக்குப் பிடித்த விரிப்புக் கோலங்களை ஓவியமாகத் தீட்டுவித்துச் சுவரில் மாட்டி, அவ்வாறே நெய்து தருமாறு கேட்டார். விரிப்பைத் தராசில் நிறுத்து விலை கொடுத்த வியாபாரிகளும் இருந்தனர். எடைக்குக் கூலி என்றானபின் நுட்பத்துக்கு என்ன மதிப்பு? தாய் மகளுக்கு எத்துணைச் சிரத்தையோடு கற்பித்தாலும், விலைபேசும் இடத்தில் அந்தக் கல்வி ஊமையாகிவிடுகிறது.

எழுதிவைக்காத பரம்பரைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது மருதமுனையும் தப்பவில்லை. உடைந்த தறியைத் தச்சர் மறுபடி செய்துவிடுவார்; எழுத்தில் ஏறாத பாவுக் கணக்கோ அதை அறிந்தவரோடு போய்விடும். ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்க, வயது முதிர்ந்தோர் வாய்மொழியைக் கேட்டு அக்கணக்கைப் பதிந்துவைப்பது எட்டாத காரியமன்று. இரகசியம் காத்தால்தான் தொழில் நிலைக்கும் என்னும் வாதத்தை நான் ஏற்பதாயில்லை. காத்த இரகசியம் யாருக்கு லாபம் தந்தது?

நூலைச் சுற்றித் தார் ஆயத்தம் செய்யும் உம்மாவின் வேலையை இந்தப் பரம்பரை ஒரு வித்தையாகவே கணிப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவள் சுற்றிய நூல் தளர்ந்தால் நாடா தடுமாறும் என்பது தறியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும்; ஆயினும் நெசவாளர் என்ற பெயர் அவள் கணவனுக்கே உரியதாக இருக்கிறது.