சவுக்கும் தென்னையும்: மலாயாவைப் பற்றிய இரு நூல்கள்

ஜார்ஜ் டவுனில் பர்குவார் வீதியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஈ அண்ட் ஓ ஓட்டலைப் பினாங்குவாசிகள் அனைவரும் அறிவர். ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் அங்குத் தங்கியதுண்டு. அவ்விடத்திலிருந்து சற்று நடந்தால் லைட் வீதி. 1852இல் பிரெஞ்சு நாட்டுக் கன்னியர் வந்து தொடங்கிய கான்வென்ட் பள்ளி பின்னர் அமைந்த வீதி அது. அவர்களுக்கும் முன்னரே, 1808இல், பிரெஞ்சுக் குருமார் தங்கள் குருமடத்தை இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலக் கொடி பறந்த ஊரில் பிரெஞ்சுக்காரர் பலர் வாழ்நாள் முழுவதும் உழைத்து இங்கேயே மடிந்தனர்.

அயல்நாட்டில் வாழ்வது வேறு, அயலாரோடு வாழ்வது வேறு. முன்னதற்குப் பணமும் கடவுச்சீட்டும் போதும். பின்னதற்கு நாவும் செவியும் வேண்டும். அவற்றோடு, தான் அமர்ந்திருக்கும் நாற்காலியைவிட்டு இறங்கும் மனமும் வேண்டும். இந்த அளவுகோலை வைத்து இரண்டு நூல்களை ஆராய விரும்புகிறேன். ஒன்று, மாம் 1926இல் வெளியிட்ட 'கேசுவரினா ட்ரீ' என்னும் கதைத் தொகுதி. மற்றது, ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல். 1930இல் வெளிவந்த அது, அவ்வாண்டே கோன்கூர் பரிசு பெற்றது. மறு ஆண்டில் ஆங்கிலமாக்கப்பட்டது. மாம் பிரெஞ்சுக்காரரிடையே வாழ்ந்த ஆங்கிலேயர். ஃபோக்கோனியே ஆங்கிலேயரிடையே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர். ஆகையால் இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது பொருந்தும்.

மாம் 1874இல் பாரிஸ் நகரத்து ஆங்கிலத் தூதரகத்தில் பிறந்தார். பிரெஞ்சு மண்ணில் பிறந்த பிள்ளை பின்னாளில் பிரெஞ்சுப் படைக்கு அழைக்கப்படலாம் என்று அஞ்சியே பெற்றோர் இந்த ஏற்பாட்டைச் செய்தனர் என்பர். ஆயினும் குழந்தை முதலில் பேசியது பிரெஞ்சு மொழியே. பத்து வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர், ஐம்பது வயதைக் கடந்தபின் தென் பிரான்சின் கடலோரத்தில் வீடு வாங்கிக் குடியேறினார். போர்க்கால இடைவெளி நீங்கலாக, 1965இல் இறக்கும்வரை அதுவே அவர் வீடு. அங்கு மொழி பிரெஞ்சு, சட்டம் பிரெஞ்சு, ஊராட்சி பிரெஞ்சு. செல்வம் எவ்வளவு இருப்பினும் பிரான்சில் ஆங்கிலேயர் விருந்தாளியே. ஊர் வழக்கத்துக்குத் தாமே இணங்க வேண்டும்.

அதே ஆங்கிலேயர் கீழ்த்திசைக்கு வந்தால் எப்படி வாழ்கிறார் என்பதை மாமின் கதைகள் காட்டுகின்றன. போர்னியோவில் நடக்கும் 'தி அவுட்ஸ்டேஷன்' என்ற கதையில் வார்பர்ட்டன் என்ற அதிகாரி வருகிறார். காட்டின் நடுவே தனியே உண்ணும்போதும் அவர் விருந்து உடை அணிந்தே மேசைக்கு அமர்கிறார். ஆறு வாரம் கழித்துக் கட்டாக வந்து சேரும் இலண்டன் நாளேடுகளை, நாளுக்கொன்றாகத் தேதி வரிசை தவறாமல் பிரிக்கிறார். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். அம்மக்கள்மீது அன்பும் உண்டு. ஆனால் அந்த அன்பு மேலிருந்து கீழே இறங்கும் அன்பு. மொழி கற்றால் போதும், உறவு வந்துவிடும் என்று நினைப்போர் இக்கதையை ஒருமுறை படிக்க வேண்டும்.

மாமின் திறனை நான் குறைக்கவில்லை. கிளப்பில் சீட்டாடும் துரைமாரின் தனிமையையும் அச்சத்தையும் அவர்போல் உரித்துக் காட்டியவர் சிலரே. விருந்துண்டு போனவர் வீட்டு இரகசியத்தை எழுதிவிட்டார் என்று இங்கிருந்த ஆங்கிலேயர் அவர்மீது சினந்ததே அதற்குச் சான்று. ஆனால் 1921இலும் 1925இலும் வந்து சென்ற அவர் கண்டது கிளப்பின் சன்னலிலிருந்து தெரிந்த மலாயாவைத்தான். ஆசிரியப் பயிற்சியின்போது விரிவுரையாளர் ஒருவர், "மலாயாவின் கண்ணாடி" என்று சொல்லி இந்நூலை எங்களுக்குப் பாடம் நடத்தினார். நான் அந்தக் கண்ணாடியில் பால்மரம் வெட்டிய என் பாட்டனாரைத் தேடினேன். பெயரோடு நின்று பேசும் தமிழ்த் தொழிலாளி ஒருவரையும் காணவில்லை. கேசுவரினா என்பது நம் சவுக்கு மரம். தமிழில் சவுக்கு மரமும் ஆகும், முதுகில் விழும் கசையும் ஆகும். கடற்காற்றைத் தடுத்துக் கரையைக் காக்கும் அம்மரத்தைத் துரைமாருக்கு உவமையாக நினைத்தார் மாம். அச்சொல்லின் மற்றப் பொருளைத் தோட்டத்துத் தமிழர் அவருக்குச் சொல்லியிருக்க முடியும்.

ஃபோக்கோனியே வேறு வகையினர். 1905இல் மலாயாவுக்கு வந்த அவர் சிலாங்கூரில் காடழித்து ரப்பர் பயிரிட்டார். 1917இல் கோலசிலாங்கூர்ப் பகுதியில் அவர் நட்ட செம்பனையே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாயிற்று. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். இதை வகுப்பில் சொன்னபோது மாணவி ஒருத்தி, "ஐயா, இது நம்ம பேராச்சே!" என்று வியந்தாள்.

அவர் ஆளும் இனத்தவர் அல்லர். ஆனால் தோட்டத் துரை. கிளப்புக்குள் போகலாம், முழுதும் அதைச் சேர்ந்தவராக முடியாது. பாதி திறந்த கதவருகே நின்றவருக்கு உள்ளும் புறமும் தெரிந்தன. அவருடைய நாவலில் லெஸ்கால், ரொலேன் என்னும் இரு பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரின் சடங்குகளைச் சலிப்போடு பார்த்துவிட்டு, ஊர்மக்களின் வாழ்வை நோக்கித் திரும்புகின்றனர். நூலின் பகுதிகள் மலாய்ப் பந்துன் பாடல்களோடு தொடங்குகின்றன. வந்து பார்த்துச் சென்றவரின் நூலுக்கும், ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவரின் நூலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படும். மழையும் காடும் மனிதரும் இதில் அலங்காரமாக நிற்கவில்லை. கதையோடு சேர்ந்து மூச்சுவிடுகின்றன. இலக்கியத் தரத்திலும் இதுவே உயர்ந்த நூல் என்பது என் துணிபு.

ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு. கதையின் உயிர்முடிச்சு ஸ்மாயில் என்ற மலாய் இளைஞனிடம் இருக்கிறது. இறுதியில் 'அமோக்' வெறிக்கு ஆளாகும் அவனுடைய மனத்துக்குள் நுழைய ஆசிரியர் பெரிதும் முயல்கிறார். தமிழரும் நூலில் வருகின்றனர். அவர்களுடைய உழைப்பையும் உடலழகையும் கண்டு அவர் வியக்கிறார். மனத்துக்குள் அதே ஆழத்துக்குச் செல்லவில்லை. ஏன்? மலாய் இளைஞன் அவருடைய பெரட்டில் வரிசையாக நின்றவன் அல்லன். தமிழன் நின்றான். கூலி கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் நடுவே செக்ரோல் என்னும் பேரேடு கிடந்தது. அதைத் தாண்டி மனிதனைப் பார்ப்பது நல்ல எழுத்தாளனுக்கும் எளிதாக இல்லை. 'கூலித் தமிழ்' என்ற பெயரில் துரைமாருக்கென்று பாடநூலே அச்சிட்ட காலம் அது. கட்டளைக்காக மட்டும் கற்ற மொழியில் நட்பு வளராது.

ஆகவே, அயலாரோடு ஒன்றி வாழ்வதும் வாழாததும் இனத்தின் குணமன்று. அமர்ந்திருக்கும் இடத்தின் குணம். பிரான்சில் இணங்கி வாழத் தெரிந்த ஆங்கிலேயர் இங்கே கிளப்புக்குள் ஒளிந்தார் என்றால், இங்கே இணங்கவேண்டிய தேவை அவருக்கு இல்லை என்பதே காரணம்.

துரைமாரைக் குறைகூறி முடிப்பது நமக்கு எளிது. நம் வாழ்வை நம்மவரும் எழுதினர், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) ஒரு சான்று. ஆனால் இன்று தோட்டங்களில் பெரட்டுக்கு நிற்போரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் ஆவர். அவர்களுக்குக் கட்டளையிடுவோரில் நம்மவரும் உளர். நம் வாயில் 'கூலித் தமிழ்' இப்போது 'கூலி மலாய்' ஆகியிருக்கிறது. எங்கள் பள்ளித் திடலில் புல் வெட்ட வரும் இளைஞர் ஒருவரை இரண்டு ஆண்டுகளாக 'பங்களா' என்றே நான் அழைத்து வந்தேன். ஃபோக்கோனியேயின் நூலைக் குறைகூறக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாளில்தான் அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. மறுநாள் கேட்டேன். அவர் சொன்னார்; பின்னர் என் பெயரைக் கேட்டார்.