பரிந்துரை என்னும் சொல்

அவலாஞ்சி ஓடையில் மீன் பிடிப்பதற்கும் சட்டம் உண்டு: 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். அங்கே டிரவுட் பொரிப்பகம் வந்தது 1907-இல்தான், சட்டம் முந்திக்கொண்டது. அதை இயற்றிய சென்னைச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. அதிகாரிகளும் ஆளுநர் நியமித்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். 1861 சட்டப்படி, முன்வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும்தான் அவர்கள் பேசலாம். தோடர்களின் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஒருவர் கேட்க நினைத்திருந்தாலும் கேள்வி என்ற வடிவமே விதிகளில் கிடையாது.

பிறகு தேர்தல் வந்தது என்கிறோம். எப்படி வந்தது? 1892 சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லை. நகரசபைகள், ஜில்லா போர்டுகள், பல்கலைக்கழகம் ஆகியவை பெயரைப் பரிந்துரைக்கும், ஆளுநர் நியமிப்பார். கூடவே அவை விதிகளும் திருத்தப்பட்டன. முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம், துணைக்கேள்வி கூடாது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். அதன்மேல் தீர்மானமோ வாக்கெடுப்போ கூடாது. ஆளைக் கூப்பிட்டு உக்கார வச்சாச்சு, இனி வாய்க்கு அளவு எடுக்கணும் இல்லையா?

1909-இல், மிண்டோ–மார்லி சட்டத்தில், 'தேர்ந்தெடுக்கப்பட்ட' என்ற சொல் ஏறியது. மாகாண அவைகளில் அதிகாரிகள் அல்லாதோர் பெரும்பான்மை ஆனார்கள். உடனே, வாசலில் நின்ற 'பரிந்துரை' அவைக்குள் புகுந்தது. தீர்மானம் கொண்டுவரலாம், நிறைவேறினாலும் அது அரசுக்கு வெறும் பரிந்துரை. துணைக்கேள்வி உண்டு, மூலக்கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். பொதுநலனுக்கு ஒவ்வாது என்று தலைவர் எதையும் தள்ளிவிடலாம். தலைவர் யார்? ஆளுநரேதான்.

சென்னை அவையில் ஜமீன்தார்களுக்கும் வர்த்தகர்களுக்கும் இடங்கள், தோட்ட முதலாளிகளுக்குத் தனியாக ஓர் இடம். கொழுந்து பறித்தவர்களுக்கு? அதைக் கேட்கவே வேண்டாம். மலை சட்டசபைக்குள் போனது எஸ்டேட்டாக.

இதையெல்லாம் 'சீர்திருத்தம்' என்ற சொல்லாடலுக்குள்ளேயே நாம் வாசித்துப் பழகிவிட்டோம். வாக்கில்லாத பட்ஜெட் விவாதத்தைக் கோகலே மேடையாக்கினார், உண்மை. ஆனால் அந்தப் பேச்சுகளைப் படிக்கிறவர்கள் அதற்கு வேலி போட்ட விதியைப் படிப்பதில்லை. யார் உள்ளே வந்தார்கள் என்பதே வரலாறாகிவிட்டது. வந்தவர் சொன்னது எங்கே போய் நின்றது என்பது பிற்சேர்க்கையில் கிடக்கிறது.

2006-இன் வன உரிமைச் சட்டத்தை இந்தக் கண்ணோடு படியுங்கள். கோரிக்கைகளை வாங்கி, சரிபார்த்து, தீர்மானம் போடும் அதிகாரம் கிராம சபைக்கு. தீர்மானம் உட்கோட்டக் குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு. அதன் தலைவர் கலெக்டர். வன அதிகாரியும் உறுப்பினர். மாவட்ட ஊராட்சியிலிருந்து மூன்று பேர். அந்தக் குழுவின் முடிவே இறுதியானது. 1892-ஓடு இதைச் சமமாக வைப்பது அநியாயம், வயது வந்த எல்லோரும் கூடும் சபை இது. ஆனாலும் மந்தில் கூடி எழுதிய தீர்மானம் கலெக்டர் மேசையைத் தொடும்போது அதன் பெயர் என்ன?

1892-இன் தலைவர் ஒரு கேள்வியைத் தள்ளும்போது காரணம் சொல்லத் தேவையில்லை. 2012-இன் திருத்த விதிகளோ, நிராகரிப்புக்குக் காரணம் எழுதியாக வேண்டும் என்கின்றன. குந்தா பக்கம் சபை கூடும்போது அந்தப் பக்கத்தின் தமிழ் நகல் யாராவது ஒருத்தர் கையில் இருக்கட்டும்.