இரக்கத்தின் எல்லை: டொறிஸ் லெஸ்ஸிங்கின் நாவலொன்று பற்றிய குறிப்பு

டொறிஸ் லெஸ்ஸிங் 1983இல் ஜேன் சோமர்ஸ் என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'நல்ல அயலார் ஒருவரின் நாட்குறிப்பு' என்ற ஆங்கில நாவல், அதன் உள்ளடக்கத்திலும் பார்க்க அப்புனைபெயர் காரணமாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அறிமுகமற்ற எழுத்தாளர் பதிப்பாளராலும் விமர்சகராலும் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதைப் புலப்படுத்த அவர் செய்த சோதனை அது. அவரது வழமையான பதிப்பகமே கையெழுத்துப் பிரதியை நிராகரித்தது. இச்சுவையான வரலாற்றை ஒதுக்கிவிட்டு, தனித்து வாழும் முதிய பெண்ணொருத்தியைப் பற்றிய படைப்பாக இதனை நோக்குமிடத்து நாம் ஏமாற்றமே அடைகின்றோம்.

மோடி ஃபௌலர் தொண்ணூறு வயதைக் கடந்தவள்; இலண்டனில் வறிய குடியிருப்பொன்றிலே தனித்து வாழ்பவள்; இளமையிலே தொப்பி செய்யும் தொழிலாளி. கணவனால் கைவிடப்பட்டு, பிள்ளையையும் அவனிடம் பறிகொடுத்தவள். பெண்கள் சஞ்சிகையொன்றின் ஆசிரியப் பணியில் இருக்கும் ஜன்னா அவளைத் தற்செயலாகச் சந்தித்து, படிப்படியாக அவளைப் பராமரிப்பவளாகின்றாள். மோடி புற்றுநோயால் இறக்கும்வரை இவ்வுறவு தொடர்கின்றது.

முதுமையின் உடல் அவலத்தை லெஸ்ஸிங் மறைக்கவில்லை. ஜன்னா மோடியைக் கழுவித் துடைக்கும் பகுதி ஆங்கில நாவலில் அரிதாகவே காணப்படும் நேர்மையுடையது. மோடியின் சினமும் பிடிவாதமும் அவளை வெறும் பரிதாபப் பொருளாக்காது காக்கின்றன. இவற்றை நாம் மனமுவந்து ஏற்கின்றோம்.

ஆயினும், மோடி ஏன் தனித்து விடப்பட்டாள் என்ற வினாவை நாவல் குடும்பத்தினரின் கொடுமையோடு நிறுத்திவிடுகின்றது. 1948இன் தேசிய உதவிச் சட்டத்தை இயற்றி, முதியோர்க்கு உறைவிடம் வழங்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்த நாட்டிலே, வாழ்நாள் முழுவதும் உழைத்தவள் இந்நிலையை அடைந்ததெவ்வாறு? 1979இல் பதவியேற்ற கன்சர்வேற்றிவ் அரசு பொதுச் செலவைக் குறைக்க முற்பட்ட காலத்தை அடுத்து வெளிவந்த நாவலில் இவ்வினா தவிர்க்க முடியாதது. இங்கோ சமூக சேவையாளர் கதையோட்டத்தில் வந்துபோகின்றனர்; அவர்களை இயக்கும் அமைப்பு ஆராயப்படவில்லை. தனிமனித இரக்கமே தீர்வாக எஞ்சுகின்றது. கணவனதும் தாயினதும் இறுதி நாட்களில் அன்பு காட்டத் தவறிய ஜன்னாவின் மனமாற்றமே கதையின் மையமாகிவிட, மோடியின் மரணம் அதற்கான படிக்கட்டாகின்றது.

நாட்குறிப்பு உத்தியின் இயல்பே இது. பார்வைக் குறைபாடு ஜன்னாவினுடையதேயன்றி ஆசிரியருடையதன்று எனச் சிலர் வாதிடலாம். அவ்வாறாயின் அக்குறைபாட்டை வாசகர் உணரும்படி நாவல் அமைந்திருத்தல் வேண்டும். அதற்கான வாய்ப்பும் இருந்தது. மோடி கூறிய தொழில் அனுபவங்களைக் கொண்டு ஜன்னா இனிமையான காதல் நவீனமொன்றை எழுதி வெற்றி பெறுகின்றாள். உழைப்பாளியின் துயரம் விற்பனைப் பண்டமாகும் இவ்விடமே நாவலின் கூர்மையான கணம். ஆனால் லெஸ்ஸிங் அதனை ஊன்றி விசாரிக்காது கடந்து செல்கின்றார். 1950இல் தமது முதல் நாவலிலே தென் ரொடீசியாவின் நிறவெறிச் சமூகத்தையும் தனிமனித வீழ்ச்சியையும் பிரிக்கவொண்ணாதபடி பிணைத்துக் காட்டியவர் அவர் என்பதனாலேயே எமது ஏமாற்றம் மிகுகின்றது.

புலப்பெயர்வினால் முதியோர் பலர் தனித்து விடப்பட்டுள்ள எமது சமூகத்தின் எழுத்தாளரும் இந்நாவலைக் கவனத்துடன் பயிலுதல் நன்று. முதியவளின் கையைப் பற்றிக்கொள்வது மனிதப் பண்பு. அக்கை ஏன் வெறுமையாயிற்று என்று கேட்பதே இலக்கியத்தின் பொறுப்பு.